லூர்துவின் மிஷினுக்கு எந்த ஆயில்

நவம்பர் 24

இன்று மதியம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தோம். கிளம்பும்போது பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: "அவங்க தினமும் என்ன வார்த்தை பேசுறாங்கன்னு எழுதி வைங்க. ஒரே ஒரு வார்த்தைன்னாலும் எழுதுங்க. அடுத்த தடவை வரும்போது நான் பாக்கணும்."

அதற்காகத்தான் எழுதுகிறேன். என் பெயர் சந்தியாகு. குன்னூர் மார்க்கெட் பக்கம் ஒரு பேக்கரியில் வர்க்கி ரொட்டி போடுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிழை இருந்தால் டாக்டரம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. ரோட்டிலிருந்து படி இறங்கி வர வேண்டும். என் மனைவி லூர்துவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் சொன்னபடி கேட்பதில்லை. மேலே ஜீப் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் சுலைமான் தன் ஆட்களைக் கூட்டிவந்து, அவளை நாற்காலியோடு தூக்கி இறக்கினான். ஒரு படியில்கூட அவளைக் குலுக்கவில்லை. டீ குடித்துவிட்டுப் போ என்றேன். "அக்கா எந்திரிச்சு அவங்களே போட்டுக் குடுக்கட்டும்ணே, அன்னைக்குக் குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இன்று லூர்து பேசியது: போதும்.

டீ வேண்டுமா என்றால் போதும். கம்பளி போர்த்தவா என்றால் போதும். சரி என்று டீயைத் திருப்பி எடுத்தால் இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். மனதில் இருப்பது ஒன்று, வாயில் வருவது வேறு. எல்லாம் அவளுக்குப் புரிகிறது, சொல்தான் வழி தவறிப்போகிறது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பெரிய டாக்டர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.

நவம்பர் 26

போதும்.

நவம்பர் 29

போதும். நான் சோற்றில் உப்புப் போட மறந்ததற்கு மட்டும் வேறு மாதிரி ஒரு போதும்.

மகள் செலின் திருப்பூரிலிருந்து பேசினாள். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறாள். தன் வீட்டுக்கு அடுத்த தெருவில் படி ஏறாத வீடு ஒன்று பார்த்திருக்கிறாளாம்.

"அந்தக் குளிர்ல அம்மாவ வெச்சுக்கிட்டு என்னப்பா பண்ணப் போறீங்க? பொங்கலுக்கு லீவு போட்டு வர்றேன். ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துடறேன். அந்த மிஷின யாருக்காவது குடுத்துருங்க."

சரி என்றேன். அவள் சொல்வதில் தப்பில்லை. எனக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான். அடுப்பு எந்த ஊரிலும் சுடும்.

மிஷின் என்பது லூர்துவின் புல்வெட்டும் மிஷின். முன்பு அவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். அங்கே இலை வெட்ட மிஷின் வந்தபோது, தூக்க மாட்டோம் என்று மற்றவர்கள் ஒதுங்கினார்கள். இவள்தான் முதலில் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு ஊரைவிட்டுப் போன ஒரு பங்களாக்காரரிடமிருந்து இந்தப் பெட்ரோல் மிஷினை வாங்கினாள். கான்வென்ட் ஸ்கூல் மைதானம், இரண்டு பங்களாக்கள், கல்லறைத் தோட்டம் எல்லாம் அவள் கையில்தான் இருந்தன. கல்லறைத் திருநாளுக்கு முன்னால் தோட்டம் முழுக்க வெட்டிச் சுத்தம் செய்தாள். அதற்கடுத்த வாரம் சமையலறையில் சாய்ந்தாள்.

டிசம்பர் 2

போதும்.

கான்வென்ட்டிலிருந்து சிஸ்டர் ஆக்னஸ் பார்க்க வந்தார். ஆரஞ்சும் ஒரு சால்வையும் கொண்டுவந்தார். லூர்துவின் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்.

"மைதானத்துல புல்லு முழங்கால் வரைக்கும் வந்துடுச்சு சந்தியாகு. காட்டெருமை ரெண்டு தினமும் வந்து மேயுது. பிள்ளைங்கள வெளிய விட முடியல."

"வேற ஆள வெச்சுக்குங்க சிஸ்டர்."

"லூர்து வர்ற வரைக்கும் வேற ஆள் இல்லைன்னு மதர்கிட்ட சொல்லிட்டேன். ஜனவரி கடைசில ஸ்போர்ட்ஸ் டே. அதுவரைக்கும் பாக்கலாம்."

அவர் போன பிறகு வெகுநேரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். ஒருத்திக்காக ஒரு மைதானத்தையே காலியாக வைத்திருக்கிறார்கள். நான் வேலைக்கு வராவிட்டால் என் அடுப்பை ஒரு நாள்கூட அப்படி வைத்திருக்க மாட்டார்கள்.

டிசம்பர் 4

போதும்.

பேக்கரியிலிருந்து வந்ததும் மிஷினை வெளியே எடுத்தேன். துருப்பிடிக்கக் கூடாதே என்றுதான். வழியில் பார்த்த தோட்டத்து ஆள் ஒருவர், "பெட்ரோல்ல ரெண்டு மூடி ஆயில் கலந்து ஊத்துங்க, இலை வெட்டுற மிஷினுக்கு அப்படித்தான்" என்றார். அப்படியே கலந்து ஊற்றிக் கயிற்றை இழுத்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கடைசியில் இருமிக்கொண்டு கிளம்பியது. கிளம்பியதும் வெள்ளையாக ஒரு புகை. மூடுபனியா புகையா என்று தெரியாத அளவுக்கு முற்றம் நிறைந்துவிட்டது.

உள்ளே லூர்து கட்டிலைத் தட்டும் சத்தம் கேட்டது. ஓடினேன். போதும், போதும், போதும் என்கிறாள். இந்த முறை அதற்கு அர்த்தம் போதும் என்பதுதான்.

அணைத்துவிட்டேன்.

டிசம்பர் 5

சுலைமான் வந்து பார்த்தான். டேங்கை முகர்ந்தான். பெட்ரோலை முழுக்க வடித்தான்.

"அண்ணே, இலை வெட்டுறது டூ ஸ்ட்ரோக். அதுக்குத்தான் கலந்து ஊத்தணும். இது ஃபோர் ஸ்ட்ரோக். பெட்ரோல் தனி, ஆயில் தனி."

பிறகு பக்கத்தில் இருந்த மூடியைத் திருகி ஆயில் குச்சியை எடுத்துக் காட்டினான். நுனியில் மட்டும் கறுப்பாக ஒட்டியிருந்தது.

"புகையால ஒண்ணும் ஆகல. ஆனா உள்ள ஆயிலே இல்ல பாருங்க. இன்னும் கொஞ்ச நேரம் ஓட விட்டிருந்தா பிஸ்டன் பிடிச்சிருக்கும். அப்புறம் பழைய இரும்புக்காரனுக்குத்தான் குடுக்கணும்."

 அவளிடம் இருப்பது இந்த ஒரு மிஷின்தான்.

"எந்த ஆயில் ஊத்தறது?"

அவன் தலையைச் சொறிந்தான். "எனக்கு ஜீப் தெரியும்ணே. ஜீப்புக்குப் பதினஞ்சு நாப்பதுன்னு நம்பர் போட்ட ஆயில் ஊத்துவேன். இந்த மிஷின்ல அக்கா என்னைத் தொட விட்டதில்ல. தப்பா எதையாவது சொல்ல மாட்டேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மெக்கானிக் பக்கத்திலேயே இருப்பது பெரிய கொடுப்பினை.

டிசம்பர் 6

போதும்.

மிஷின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் தேய்ந்துபோய் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. லூர்து மிச்ச ஆயிலை ஒரு பழைய சர்பத் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறாள். அடியில் இரண்டு விரல்கடை இருக்கிறது, தேன் நிறத்தில். நெய்யைப் பார்ப்பதுபோல விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். முகர்ந்தேன். நெய்யாக இருந்தால் எந்த ஊர் நெய் என்றே சொல்லிவிடுவேன். இது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், "இருபது நாப்பது எடுத்துட்டுப் போங்க, பைக்குக்கெல்லாம் இதுதான்" என்றார். செலின் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "வெறும் முப்பதுன்னு போட்டிருக்குப்பா. ஆனா வெயில் காலத்துக்காம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "குடுக்கப் போற மிஷினுக்கு எதுக்குப்பா இவ்வளவு?" என்று கேட்டாள்.

நல்ல நிலையில் கொடுக்க வேண்டும் அல்லவா என்றேன்.

டிசம்பர் 9

குளிர் இறங்கிவிட்டது. விடியற்காலை பேக்கரியில் டால்டா டின்னைத் திறந்தால் கல் மாதிரி இருக்கிறது. கரண்டி இறங்கவில்லை. அந்த டால்டாவைத் தடவினால் மாவு கிழியும், வர்க்கி அடுக்கடுக்காக வராது. அடுப்புப் பக்கம் அதிக நேரம் வைத்தாலோ தண்ணீராகிவிடும். அப்போதும் அடுக்கு வராது. இறுகவும் கூடாது, உருகி ஓடவும் கூடாது. இதைத்தான் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறேன்.

கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். ஆயிலுக்கும் இதே பாடுதானே என்று தோன்றியது.

வேலை முடிந்து நேராகச் சுலைமானிடம் போய்ச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"அதேதான்ணே. டப்பால முன்னாடி இருக்கிற நம்பர் குளிருக்கு. பின்னாடி இருக்கிறது சூட்டுக்கு. முன்னாடி நம்பர் சின்னதா இருந்தா குளிர்லயும் இளகி ஓடும். இருபதுன்னா நம்ம ஊர் காலைக்குக் கெட்டி. கயிறு இழுக்கவே கஷ்டம்."

ஆக இருபது நாற்பது வேண்டாம். அந்த வெறும் முப்பதும் வேண்டாம். அது வெயில் ஊர்க்காரர்களுக்கு. மிச்சம் எது என்று தெரிந்தவள் உள்ளே படுத்திருக்கிறாள்.

டிசம்பர் 12

இன்று கேட்டே விட்டேன். பாட்டிலைக் காட்டி, "லூர்து, இது என்ன ஆயில்? ஜீப்புக்கு ஊத்துறதா?" என்றேன்.

"போதும்."

"காருக்கு ஊத்துறதா?"

"போதும்."

அவள் வாயைத் திறந்தாள். உதடு முயன்றது, கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடி அதே வார்த்தைதான் வந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் கேட்டிருக்கக் கூடாது. பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுக் காலைப் பிடித்துவிட்டேன். அதை மறுக்கவில்லை.

டிசம்பர் 15

கோயம்புத்தூர் போய்வந்தோம். சுலைமான் ஜீப்பில் கூட்டிப்போனான். பெட்ரோல் போட்டதற்கு மேல் எதுவும் வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

டாக்டரம்மா இதுவரை எழுதியதையெல்லாம் படித்தார். "வார்த்தைய எழுதச் சொன்னா முழுக் கதையும் எழுதியிருக்கீங்க. நிறுத்தாதீங்க" என்றார். பிறகு லூர்துவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தாளம் போடுவதுபோல் எண்ணினார். நான்கு என்பதைப் பாதியில் விட்டார்.

லூர்து, "நாலு" என்றாள்.

 ஐந்து, ஆறு, ஏழு என்று அவளே பத்து வரை போனாள்.

"இது பேச்சு இல்ல, பழக்கம்" என்றார் டாக்டரம்மா. "மனப்பாடமா இருக்கிறது வேற இடத்துல பத்திரமா இருக்கும். எண்ணுறது, பாட்டு, ஜெபம். இந்த வழியா உள்ள போய்த்தான் மத்ததைத் தேடணும். அதிகமா எதிர்பார்க்காதீங்க, ஆனா தினமும் எண்ணுங்க."

எதிர்பார்க்கவில்லை. வரும் வழி முழுக்க நானும் அவளும் எண்ணிக்கொண்டே வந்தோம். சுலைமானும் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது அவள் நூறு வரைக்கும் போய்விட்டாள்.

டிசம்பர் 18

எண்ணிக்கை நூறு. தனி வார்த்தை: போதும். கிறிஸ்துமஸ் கேக் ஆர்டரால் பேக்கரியில் உட்கார நேரமில்லை. நான் வேலையில் இருக்கும்போது சுலைமான் மனைவி வந்து அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டிருக்கிறாள். கனகாம்பரம்கூட வைத்திருந்தாள்.

டிசம்பர் 21

இன்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. கட்டிலுக்கு அடியைப் பெருக்கும்போது சர்பத் பாட்டில் உருண்டு வந்தது. எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தேன். லூர்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே எண்ண ஆரம்பித்தாள். நான் தொடங்கிவைக்காமல் அவள் எண்ணியது இதுதான் முதல் தடவை.

"ஒண்ணு, ரெண்டு..." பத்தில் நின்றாள். கட்டில் சட்டத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

களைத்துவிட்டாள் என்று நினைத்து, "பதினொண்ணு" என்று எடுத்துக் கொடுத்தேன். வேகமாகத் தலையாட்டினாள், இல்லை என்று. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். பத்தில் நின்று, என் கண்ணைப் பார்த்துத் தட்டினாள். மூன்றாம் முறையும் ஒன்று, இரண்டு. இந்த முறை பத்தில் நிற்கவில்லை. இருபதும் போனது. முப்பதில் நின்றாள். மறுபடி ஒரு தட்டு. பிறகு இடது கையை நீட்டி ஜன்னல் திட்டைக் காட்டினாள்.

துடைப்பம் கையிலேயே இருந்தது.

"பத்து. முப்பது" என்றேன்.

கண்ணை மூடித் திறந்தாள்.

"பத்து முப்பதா? அப்படி ஒரு ஆயில் இருக்கா லூர்து?"

அவள் பார்த்த பார்வையில் பழைய லூர்து முழுசாக இருந்தாள். இத்தனை வருஷம் என்னோடு குப்பை கொட்டியவனுக்கு இதுகூடத் தெரியாதா என்ற பார்வை.  சொல் வராத இடத்துக்கு ஒன்றிலிருந்து நடந்தே போய்ச் சேர்ந்திருக்கிறாள். அதுவும் யாரும் சொல்லிக் கொடுக்காமல்.

பெரிய டாக்டர் சொன்னதை எழுதாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

டிசம்பர் 22

சுலைமான் கேட்டதும் தொடையில் அடித்துக்கொண்டான். "பத்து முப்பது. ஸ்கூட்டருக்கு ஊத்துறது. என் மண்டைக்கு எட்டலியே." அதே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், அதே அலமாரியில், இருபது நாற்பதுக்கு அடுத்த தட்டில் இருந்தது.

வெயில் ஏறிய பிறகு மிஷினை முற்றத்து வெயிலில் வைத்துச் சூடாக்கினோம். பிளக் வயரைக் கழற்றி, காற்று வடிகட்டி மேல் பக்கம் இருக்கும்படி சாய்த்து அடியில் மிச்சமிருந்த பழைய ஆயிலை வடித்தான். கறுப்புத் தார் மாதிரி வந்தது. புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். குச்சியைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்து, மறுபடி ஊற்றினேன். மேல் கோட்டைத் தாண்டாமல் நிறுத்தினேன். அளவு விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுலைமான் பிளக் வயரை மாட்டி, டேங்கில் எதுவும் கலக்காத பெட்ரோலை ஊற்றினான்.

கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தேன். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தே கயிற்றைப் பிடித்தேன். முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. புகை இல்லை, இருமல் இல்லை. ஒரே சீரான சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். லூர்து அழுதுகொண்டிருந்தாள். சுலைமான் தரையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

டிசம்பர் 25

லூர்து சுவரைப் பிடித்து இரண்டு அடி வைக்கப் பழகுகிறாள், ஆனாலும் கோயிலுக்குப் போக முடியவில்லை. பூசை முடிந்து சாமியாரே நன்மை அப்பம் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பரலோக மந்திரத்தைத் தொடங்க, லூர்து கடைசி வரை சொன்னாள். ஆமென் கணீரென்று வந்தது.

ஜனவரி 7

மைதானம் வெட்டினேன். நீளமான புல்லை ஒரேயடியாக வெட்டினால் மிஷின் திணறும் என்று, நேற்றே ஒரு தடவை உயரமாக வெட்டியிருந்தேன். இன்று தாழ்த்தி வெட்டினேன். நேராக ஒரு வரிசைகூட வரவில்லை. அங்கங்கே சொட்டை. சிஸ்டர் ஆக்னஸ் ஒரு சுற்று நடந்து பார்த்தார்.

"முதல் தடவை முடி வெட்டுன மாதிரி இருக்கு" என்றார். "பரவால்ல, வளரும்."

விசில் அடித்து வகுப்புகளை வெளியே விட்டார். பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடி வந்தார்கள். வெட்டிய புல்லை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். காட்டெருமைகள் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தன.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் லூர்துவிடம் சொன்னேன். சொட்டைகளையும் சொன்னேன். சிரித்தாள். அவளுக்கு வாய் ஒரு பக்கமாகத்தான் சிரிக்கிறது. எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

ஜனவரி 14

செலின் வந்துவிட்டாள். பைகளோடு, அட்டைப்பெட்டிகளோடு. அம்மாவுக்கு வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினாள், நகம் வெட்டினாள். சாயங்காலம் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, திருப்பூர் போலாமா? படியே இல்லாத வீடு. நான் தினமும் வந்து பாத்துக்குவேன்."

நான் அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கழுவிய பாத்திரம்தான்.

 லூர்து கட்டிலைப் பிடித்து எழுந்தாள். செலின் தாங்க வந்தாள், கையை விலக்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலை இழுத்து இழுத்து வாசல் வரை போனாள். நிலைப்படியைப் பிடித்து நின்றாள். வெளியே மேகம் தேயிலைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. வாய் முயன்றது. 

"இங்க" என்றாள்.

புது வார்த்தை. எண்ணிக்கையிலும் இல்லை, ஜெபத்திலும் இல்லை. அவளுடையது.

செலின் அப்படியே போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"உங்களுக்கும் வர இஷ்டமில்ல. அப்படித்தானப்பா? ஏன் சொல்லல?"

எனக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்றேன். அவள் நம்பவில்லை.

ஜனவரி 19

இங்க. தா. போதும் (இப்போது சரியான இடத்தில்).

செலின் போகும் முன் சுலைமானிடம் பேசி, ரோட்டிலிருந்து வாசல் வரை படியோரம் குழாய்க் கைப்பிடி போட வைத்தாள். அவன் வெல்டிங் செய்ய, அவளே பச்சைப் பெயின்ட் அடித்தாள். திருப்பூரில் பார்த்த வீட்டின் ஓனரிடம், வீடு வேண்டாம் என்று போனில் அவளே சொல்லிவிட்டாள். பெற்ற பிள்ளை பெரியவளாகி நம்மைப் புரிந்துகொள்ளும் நாளை எல்லாரும் பார்ப்பதில்லை. எங்களுக்குக் கிடைத்தது.

பிப்ரவரி 8

கைப்பிடியைப் பிடித்து லூர்து ரோடு வரை ஏறினாள். அங்கிருந்து ஜீப். ஸ்போர்ட்ஸ் டே நல்லபடியாக முடிந்து மைதானம் காலியாக இருந்தது. நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். நான் வெட்ட, அவள் இடது கையால் வலம் இடம் என்று காட்டிக்கொண்டிருந்தாள். கடைசி வரிசைக்கு முன்னால் எழுந்து வந்தாள். மிஷின் கைப்பிடியில் இடது கையை வைத்தாள். வலது கையை நான் எடுத்து வைத்து, அதன்மேல் என் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். அவள் வேகத்துக்கு நடந்தோம். அந்த ஒரு வரிசை மட்டும் நேராக வந்தது.

பிப்ரவரி 21

டாக்டரம்மா மன்னிக்க வேண்டும், இன்று வார்த்தைகளை எழுத முடியவில்லை. லூர்து சாயங்காலத்திலிருந்து ஏதோ ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். பாதி வார்த்தை, பாதி கை. பக்கத்து வீட்டைப் பற்றியா, என் சமையலைப் பற்றியா என்று இன்னும் தெரியவில்லை. பேனாவை வைக்கச் சொல்லிச் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். முழுக்கக் கேட்க வேண்டும்.